கதவு சாத்தப் போன ஞாயிற்றுக்கிழமை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. என்னோடு இருந்து எட்டாம் வகுப்புவரை போனவர்களில் இரண்டு பேர் பிறகு என் வள்ளத்தில் தடி ஊன்றினார்கள். வாவியில் எனக்கு ஐந்து வள்ளம் ஓடிய காலம் உண்டு. சூரியன் படுகிற பக்கமான படுவான்கரையிலிருந்து நெல்லும் விறகும் கடற்கரைப் பக்கத்து ஊர்களுக்கு வந்தது பெரும்பாலும் அவற்றில்தான். காத்தான்குடி முதலாளிமார் என் வள்ளம் என்று தெரிந்தால் சாக்கைக் கரையில் இறக்கிவைத்துவிட்டுப் போய்விடுவார்கள், காவலுக்கு ஆள் நிறுத்த மாட்டார்கள். செட்டிபாளையத்துக்கு இங்காலே எங்கள் ஊரில் நிற்கிற மாதா கோயிலுக்கு ஓலையைப் பிடுங்கி ஓடு போட்டதும் நான்தான். ஓடு வந்தது என் வள்ளத்தில், கூரையில் ஏறி நின்றதும் நான். இதையெல்லாம் நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

ஆனால் எழுத உட்கார்ந்தது அதற்கில்லை. என் ஆயுளில் செய்த காரியங்களில் எதைக் கேட்டாலும் எனக்கு மறுமொழி உண்டு, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று உள்ளுக்குள் கிடந்து புரண்டுகொண்டே இருக்கிறது. சரி, எழுதிப் பார்ப்போம்.

எங்கள் குடி அம்மன் கோயில் கப்புகன் குடி. மற்ற ஊர்களில் ஐயர் செய்கிற பூசையை இந்தப் பக்கத்து அம்மன் கோயில்களில் கப்புகனார் செய்வார். மந்திரம் கிடையாது. வாவியில் முழுகி, ஈர வேட்டியோடு வந்து, வெள்ளைத் துணியால் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் திரைக்கு உள்ளே போகவேண்டும். மனிதன் விடுகிற மூச்சும் எச்சில். அது அம்மாளில் படக்கூடாது. போனவர் பேசக்கூடாது, நிமிர்ந்து பார்க்கக்கூடாது, முதுகைக் காட்டக்கூடாது. வருசம் முழுக்க அந்தக் கதவு சாத்தியே கிடக்கும். வைகாசியில் ஏழு நாள் திறந்து, பெட்டியில் இருக்கிற சிலம்பையும் பிரம்பையும் எடுத்து வைத்துப் பூசை நடக்கும். ஏழாம் நாள் திரும்பப் பெட்டியில் வைத்துக் கதவைச் சாத்தவேண்டும். அந்த நாட்களில் அம்மனைக் கும்பிடுகிற வீடுகளில் மீன்சட்டி அடுப்பில் ஏறாது.

எங்கள் பக்கத்தில் உரிமை தாய்வழியில் வரும். என் அம்மாவின் தமையன், அதாவது என் அம்மான், கப்புகனாராக இருந்தார். அவருக்குப் பிறகு நான். அவருக்கு உதவியாக ஐந்து வைகாசி உள்ளே போய் வந்திருக்கிறேன். எந்தத் துணி எங்கே, எந்தக் கையால் எதை எடுப்பது, எந்தக் காலைப் பின்னுக்கு வைப்பது என்று என் கை கால் படித்து வைத்திருந்தது. புத்தகத்தில் படித்ததெல்லாம் மறந்துபோச்சு, இது மறக்கவில்லை.

பிறகு நான் வேதக்காரப் பெண்ணைக் கட்டினேன். விறகு இறக்கப் போன இடத்தில் பார்த்த பெண். ஞானஸ்நானம் எடுத்தால்தான் தருவோம் என்றார்கள், எடுத்தேன். கலியாணத்துக்காக எடுத்தவன் என்று ஊரில் சொன்னார்கள். முதலில் அப்படித்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போகப்போக அந்த மனுசன், சிலுவையில் தொங்குகிறவர், என்னைப் பிடித்துக்கொண்டார். அவரும் படகுக்காரர்களோடு திரிந்தவர்தானே. பட்டணத்திலிருந்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை வந்து பூசை வைக்கிற சுவாமி ஒரு வெள்ளைக்காரர், வயதானவர். அவர் என்னை மாதா கோயிலுக்கு மூப்பராக வைத்தார். கோயிலைத் திறக்கிறது, மணி அடிக்கிறது, பீடத்தை ஆயத்தம் பண்ணுகிறது எல்லாம் என் வேலை. முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்த வயதில் மூப்பரானவன் இந்தக் கரையில் எனக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

முதல் ஞாயிறு நான் என்ன செய்தேன் தெரியுமா? விடிய வாவியில் முழுகினேன். ஈர வேட்டியோடு வந்தேன். வெள்ளைத் துணியால் வாயையும் மூக்கையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, குனிந்த தலையோடு பீடத்தில் மெழுகுதிரி கொளுத்தப் போனேன். திரும்பி வரும்போது பீடத்துக்கு முதுகு காட்டாமல் பின்காலாலேயே வந்து, முன்வரிசை வாங்குப் பலகையில் இருந்த கிழவியின் மடியில் போய் இருந்துவிட்டேன். கோயில் முழுக்கச் சிரிப்பு. என் மனைவி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

பூசை முடிந்ததும் சுவாமி கூப்பிட்டார். அவர் பேசுகிற தமிழ் அச்சடித்த தமிழ். "இது என்ன துணி?" என்றார்.

"மூச்சுப் படக்கூடாதே, சுவாமி."

அவர் சிரிக்கவில்லை. "அந்த மூச்சை உனக்குத் தந்தவர் அவர். அதிலே அவருக்கு அருவருப்பு இல்லை. துணியைக் கழற்று" என்றார்.

நல்ல பேச்சு. என் தலை அதை அப்போதே நம்பியது. நெஞ்சு நம்பவில்லை. துணியைக் கழற்றினேன், ஆனால் பீடத்துக்குக் கிட்டப் போகும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு போனேன். ஒருநாள் ஆறு திரியில் நாலாவது பற்றமாட்டேன் என்றது. கச்சான் காற்று பலகணியால் அடித்துக்கொண்டிருந்தது. நான் மூச்சை விடாமல் நின்று நின்று, கண் இருண்டு, தண்டும் திரியுமாகப் படியில் விழுந்தேன். மனைவி வீட்டில் வைத்துக் கேட்டாள்: "ஒங்களுக்கென்ன வலிப்பா? எங்கட அப்பா பாத்துத்தானே தந்தவர்?" காரணத்தைச் சொன்னேன். "அப்ப இன்னும் நீங்க அங்கதான் நிக்கிறீங்க" என்றாள்.

வேதத்தில் வருகிற பழைய காலத்துக் குருமாரைப் பற்றி ஒரு ஞாயிறு சுவாமி பிரசங்கம் வைத்தார். அவர்கள் கை கால் கழுவி, வெள்ளை நூல் உடுப்பு உடுத்து, வருசத்தில் ஒரே ஒரு நாள் திரைக்கு உள்ளே போவார்களாம். உடுப்பு விளிம்பில் சின்ன மணிகள் தொங்குமாம். மணிச் சத்தம் நின்றால் ஆள் செத்துப்போனான் என்று வெளியே நிற்பவர்களுக்கு விளங்குமாம். எனக்கு மயிர் சிலிர்த்தது. இது எங்கள் அம்மான் அல்லவா, இந்த மனிதர் யாரைப் பற்றிச் சொல்கிறார் என்று இருந்தது. பிறகு சுவாமி சொன்னார், அந்தத் திரை கிழிந்துபோயிற்று, இனி எவரும் உள்ளே போகலாம் என்று. மற்றவர்களுக்கு அது சந்தோசச் செய்தி. எனக்கு உள்ளங்கை வேர்த்தது. திரை இல்லாத இடத்தில் எப்படி நிற்பது என்று எனக்கு யாரும் பழக்கவில்லை.

இப்படியே நாலைந்து வருசம் போனது. உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தின ஒரு வைகாசி. கோயில் திறந்து ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை. நான் துறையில் நெல்மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். அம்மன் கோயில் வண்ணக்கர், கோயில் காரியம் பார்க்கிறவர், வரம்பால் ஓடி வந்தார். வழியில் கண்டால் எனக்கு முகம் தராதவர்.

"மூப்பர், கோபிக்காதீங்க. ஒங்கட அம்மான் விழுந்திட்டார். ஒங்களக் கேக்கிறார்."

போனேன். அம்மான் கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பாயில் கிடந்தார். வலப்பக்கம் முழுவதும் செத்துவிட்டது. வாய் கோணி, கடைவாயால் வடிந்துகொண்டிருந்தது. உள்ளே பூசையில் நிற்கும்போது விழுந்திருக்கிறார். தூக்க எவரும் உள்ளே போகக்கூடாது. தன் வாயால் எச்சில் வடிகிறது என்று தெரிந்ததும், கட்டின துணியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, இடக்கையை ஊன்றி, பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியே வந்திருக்கிறார். அந்த நிலையிலும் முதுகைக் காட்டவில்லை. இதை வண்ணக்கர் சொன்னபோது நான் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் குடியில் இன்னுமொரு ஆண் பதுளைப் பக்கம் தோட்டத்தில் இருந்தான். ஆள் அனுப்பியிருந்தார்கள், வந்து சேர ஒரு கிழமை ஆகும். சனிக்கிழமைப் பூசை இல்லாமல் போனாலும் பொறுக்கலாம், ஞாயிறு கதவு சாத்தியே ஆகவேண்டும். அம்மாளைப் பெட்டிக்கு வெளியே இருத்திவைத்துவிட்டு நாள் தவறினால் ஊரில் அம்மை போடும் என்று பயம். எங்கள் தெருவில் அம்மை போட்டதை நானே பார்த்தவன், அந்தப் பயத்தைப் பார்த்துச் சிரிக்க என்னால் முடியாது.

அம்மான் என்னை வா என்றும் சொல்லவில்லை, வேதத்தை விடு என்றும் சொல்லவில்லை. குழறின குரலில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"காலம என்ன திண்ட?"

"மீனும் சோறும்."

கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். நாளை எண்ணுகிறார் என்று விளங்கியது. "இண்டையில இருந்து திங்காத. ஞாயிறு விடிய முழுகிப்போட்டு வா" என்றார். அவ்வளவுதான். அவருக்கு நான் வருவேனா மாட்டேனா என்ற கேள்வியே இல்லை.

அன்று முழுக்க என்னால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. அம்மன் கோயிலுக்கும் மாதா கோயிலுக்கும் நடுவில் வாவிக்கரையால் அரை மைல். அந்த வழியில் எத்தனை தரம் நடந்தேன் என்று எனக்கே தெரியாது. கச்சான் சுட்டுக்கொண்டு அடித்தது. வள்ளத்தைக் கட்டினேன், அவிழ்த்தேன், திரும்பக் கட்டினேன். வீட்டில் பெண்சாதி சோற்றை வைத்தாள். மீன் இல்லாமல் பிசைந்தேன்.

"இந்தக் கோயில்ல கூட்டவும் நீங்க, அந்தக் கோயில்ல கதவு சாத்தவும் நீங்க" என்றாள். "ஒங்கள விட்டா இந்த ஊரில ஆம்புளயே இல்லயா?"

"இல்லத்தானே" என்றேன்.

"இதிலயும் பெருமதான்." கறிச்சட்டியை எடுத்துக்கொண்டு போனவள் திரும்பி வந்தாள். "போறதெண்டா சுவாமியக் கேட்டுப்போட்டுப் போங்க. கேக்காமப் போனா அது களவு."

சனிக்கிழமை பட்டணம் போனேன். சுவாமி சிறிய தோட்டத்தில் பூசணிக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அரை மணித்தியால வேலை, சுவாமி. சாமானைப் பெட்டியில் வைத்துக் கதவைச் சாத்துகிறது. சுமை தூக்குகிற மாதிரி. நான் சுமை தூக்குகிறவன்தானே என்றேன்.

அவர் வாளியை வைத்துவிட்டு என் தோளில் கையைப் போட்டார். "உன் மாமனை என்னிடம் கொண்டு வா. ஆசுப்பத்திரியில் வைத்து நானே பார்க்கிறேன். இந்தக் கதவை மட்டும் என்னிடம் கேளாதே."

"அவருக்கு வேற ஆள் இல்ல, சுவாமி."

"நீ போனால் மூப்பராக இருக்க இயலாது. மூன்று ஞாயிறு கோயில் வாசலில் எல்லாரும் காண முழங்காலில் நிற்க வேண்டும். உன் பாவத்தை என்னிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, போனதற்காக மனம் வருந்தி மனஸ்தாபப்பட்டு, பாவப்பொறுத்தல் பெறும்வரை நற்கருணை அப்பம் இல்லை. எனக்கு உன்மேல் கோபம் இல்லை. ஆனால் இதுதான் கட்டளை. எனக்கும் கட்டளைதான்."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிப்போனது. அவரும் யாருக்கோ கீழ்ப்படிகிறவர் என்று அன்றைக்குத்தான் கண்டேன். ஏசியிருந்தாரென்றால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஞாயிறு விடிந்தது. சுவாமி பூசைக்கு வருகிற ஞாயிறும் அதுதான். வாவியில் முழுகினேன். எந்தக் கோயிலுக்கு முழுகுகிறேன் என்று முழுகும்போதும் எனக்குத் தெரியாது, சத்தியமாகச் சொல்கிறேன். ஈர வேட்டியோடு வந்து மாதா கோயிலைத் திறந்தேன். பீடத்தை ஆயத்தம் பண்ணினேன். ஆறு திரியும் கொளுத்தினேன், எல்லாம் ஒரே தரத்தில் பற்றியது. முதல் மணி அடித்தேன். ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சுவாமி சின்ன அறைக்குள் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தார். மணிக் கயிற்றைக் கொளுவியில் மாட்டினேன். மாட்டினவன் அப்படியே வாசலால் இறங்கி நடந்தேன். தெரு மணலில் நான் போவதைப் பூசைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். "மூப்பர், இரண்டாம் மணி?" என்று ஒருத்தர் கேட்டார். நான் நிற்கவில்லை.

வண்ணக்கர் வாசலில் துணியோடு நின்றார். அம்மானைப் பாயோடு தூக்கி வந்து கதவுக்கு நேரே, ஆனால் எல்லைக்கு வெளியே வைத்திருந்தார்கள். நான் வாயைக் கட்டினேன். திரையை விலக்கி உள்ளே போனேன்.

சுமை தூக்குகிற வேலை என்று சுவாமியிடம் சொன்னேன் அல்லவா. அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். கை தன் பாட்டில் வேலை செய்தது. பிரம்பைப் பட்டில் சுற்றினேன். சிலம்பை இரண்டு கையாலும் எடுத்தேன். எடுத்தபோது அது மெல்லக் கிலுங்கியது. அவ்வளவுதான், என் முழங்கால் தானாக மடிந்தது. நெற்றி நிலத்தில் பட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மாதா கோயிலில் இத்தனை வருசம் மூச்சை அடக்கி அடக்கிக் கும்பிட்டவன், அந்தத் துணிக்குள் நின்று தாராளமாக மூச்சு விட்டேன். அழுதேன் என்றும் சொல்லவேண்டும். பிறகு பெட்டியை மூடி, பின்காலால் வந்து, கதவைச் சாத்தினேன்.

வெளியே வந்தபோது அம்மான் என்னைப் பார்க்கவில்லை, சாத்தின கதவைப் பார்த்தார். தாழ்ப்பாள் சரியாக விழுந்ததா என்று பார்க்கிறார். விழுந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு ஒரு நன்றிகூட இல்லை. கீழ்ப்படிந்தவனுக்கு நன்றி சொல்லும் வழக்கம் எங்கள் குடியில் கிடையாது.

நான் திரும்பிப் போனபோது பூசை முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்தது. சின்ன அறையில் சுவாமி தனியே இருந்தார். என் ஈர வேட்டியைப் பார்த்தார்.

"சுமையை இறக்கிவிட்டாயா?"

"இறக்கிட்டன்."

"சுமை மட்டும்தானா? கும்பிட்டாயா?"

இல்லை என்றிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். "கும்பிட்டன், சுவாமி" என்றேன். அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

மூன்று ஞாயிறு வாசலில் முழங்காலில் நின்றேன். ஐந்து வள்ளக்காரன், ஓடு போட்டவன், உள்ளே போகிறவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். என்னிடம் கூலிக்கு நிற்கிற ஒருவன், "முதலாளி, வெயிலுக்குத் தலைப்பா கட்டுங்களன்" என்று சொல்லிவிட்டுப் போனான். பகிடிதான், அதையும் தாங்கினேன். உண்மையில் அந்த நிற்றல் எனக்குக் கஷ்டமாகவே இல்லை. ஒரு கட்டளை, அதைச் செய்கிறது. அது எனக்குத் தெரிந்த வேலை.

நாலாம் ஞாயிறு பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாம் சொன்னேன். "நீ போனதற்காக முழு மனதோடு மனஸ்தாபப்படுகிறாயா?" என்று சுவாமி கேட்டார். வாசல் கிராதியில் பெண்சாதி நிற்கிறாள். சனம் பார்த்துக்கொண்டிருக்கிறது. சுவாமி, அந்தக் கிழவர், இந்த ஒரு மாதத்தில் என்னைவிட மெலிந்துபோனார்.

"படுறன், சுவாமி."

அவர் பாவப்பொறுத்தல் தந்தார். குரலில் எவ்வளவு சந்தோசம். அன்றைக்கு நற்கருணையை என் நாக்கில் வைத்ததும் அவர்தான். என்னால் அதை விழுங்க முடியவில்லை, வாய்க்குள்ளேயே கரைந்துபோகவிட்டேன்.

நான் சொன்னது பொய். போனதற்காக நான் மனஸ்தாபப்படவில்லை. எத்தனை தரம் உள்ளே தேடிப்பார்த்தும் அது இல்லை. அம்மான் அந்த ஆவணியில் கண்ணை மூடினார். பதுளையிலிருந்து வந்தவன் கோயிலைப் பொறுப்பெடுத்தான், நான் அந்தப் பக்கம் பிறகு போகவில்லை. என் தெய்வம் சிலுவைக்காரர்தான், அதில் எனக்கு மயக்கம் இல்லை. ஆனால் அந்த ஞாயிறு போனது பிழை என்று அவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வரவில்லை. அந்தப் பொய்யோடு நாலு வருசம் நற்கருணை வாங்கினேன். ஒவ்வொரு தரமும் வீட்டுக்கு வந்து முற்றத்தில் நடப்பேன். என்ன நடை என்று கேட்டால் வள்ளத்துக்குக் கீல் பூச வேண்டும் என்பேன்.

சண்டை நடக்கும்போது சுவாமியை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவர் இளம் சுவாமி, நம் நாட்டுக்காரர். அவர் வந்த முதல் தவசு காலத்திலேயே, பெரிய வெள்ளிக்கு முந்தின நோன்பு நாட்களில், போய் முழங்காலில் இருந்தேன். பாவசங்கீர்த்தனத்தில் பொய் சொன்னேன், சுவாமி, அதற்கு மனஸ்தாபம் நிறைய இருக்கிறது என்றேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"அந்தப் பொய்க்கு மன்னிப்பு உண்டு" என்றார். "ஆனா, போனதுக்கு? இப்ப மனஸ்தாபம் இருக்கா?"

வெளியே காகம் கத்திக்கொண்டிருந்தது. அவர் நீண்ட நேரம் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை.

"இருக்கிற நாளைக்கு வாங்க" என்றார். பாவப்பொறுத்தல் தரவில்லை.

ஒவ்வொரு தவசு காலத்திலும் போகிறேன். கேட்கிறார்கள். முழங்காலில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்பி வருகிறேன். ஞாயிறு பூசையில் சனமெல்லாம் நற்கருணைக்கு எழும்பும்போது நான் வாங்குப் பலகையிலேயே இருக்கிறேன். பெரிய மனுசன், எல்லாரோடும் வரிசையில் நிற்க மாட்டான் என்று சொல்கிறார்களாம். சொல்லட்டும். பெண்சாதி மட்டும் ஒன்றும் கேட்பதில்லை. தன் முறைக்கு எழும்பிப் போவாள், வாங்கிக்கொண்டு, கையைக் கூப்பி, கண்ணைத் தாழ்த்தித் திரும்பி வருவாள். அவள் உள்ளே போய் இருக்க வழிவிட்டு நான் முழங்காலை ஒதுக்கிக்கொள்வேன்.